உருளைக்கிழங்கு வயலில் இருந்து கவச வண்டி வரை

இந்த எபிசோடு ஒரு வண்டியைப் பற்றியது. இன்னும் சரியா சொல்லணும்னா, ஒரு சாதாரண வண்டி எந்த இடத்தில் 'ஆயுதம்' ஆகிறது, அதை யார் முடிவு பண்றாங்க என்பதைப் பற்றியது.

முதல்ல ஒரு சின்ன கற்பனை. ஐரோப்பாவில் ஒரு துறைமுகம். நீங்கதான் அங்கே சுங்க அதிகாரி. உங்க முன்னாடி மூணு வண்டி நிக்குது. ஒண்ணு, ஒரு பணக்காரருக்காகச் செய்த குண்டு துளைக்காத சொகுசு கார். ரெண்டாவது, ஏ.டி.எம்.முக்குப் பணம் எடுத்துப் போகிற கவச வேன். மூணாவது, போர் நடக்கிற ஊருக்கு ஒரு தொண்டு நிறுவனம் அனுப்புகிற ஐந்து டன் கவச ஜீப். மூணுலயும் இரும்புத் தகடு இருக்கு, தடிமனான கண்ணாடி இருக்கு. எதிலயும் துப்பாக்கி இல்லை. இதில் எதுக்கு 'ராணுவத் தளவாடம்' என்று ஏற்றுமதி லைசென்ஸ் கேட்பீங்க?

பெரும்பாலும் மூணாவதுக்கு மட்டும்தான். அதாவது, உயிரைக் காப்பாத்தப் போகிற வண்டிக்கு.

இது ஏதோ ஒரு அதிகாரியின் கிறுக்குத்தனம் இல்லை. எழுதி வைத்த விதியே அப்படித்தான். நெதர்லாந்தில் ஹேக் நகரத்துக்குப் பக்கத்தில் வாசெனார் என்று ஒரு ஊர் இருக்கு. 1996-இல் உருவான வாசெனார் ஏற்பாடு என்கிற கூட்டமைப்புக்கு அந்த ஊரின் பேர்தான். இன்று 42 நாடுகள் உறுப்பினர்கள். இந்தியா 2017 டிசம்பரில் சேர்ந்தது. இந்தக் கூட்டமைப்பு ஒரு ராணுவத் தளவாடப் பட்டியலை வைத்திருக்கிறது. அந்தப் பட்டியல் தானாகச் சட்டம் ஆகாது. ஒவ்வொரு நாடும் அதை எடுத்துத் தன் சட்டத்துக்குள் போட்டுக்கொள்ளும். நம்ம ஊரில் ஸ்காமெட் பட்டியல் என்பார்கள். அதன் ஆறாவது பிரிவில் தரைப்படை வாகனங்களும் வரும். லைசென்ஸ் கொடுப்பது பாதுகாப்பு உற்பத்தித் துறை.

வாசெனார் பட்டியலில் ஆறாவது இனம், தரையில் ஓடும் வாகனங்கள். டாங்கி மாதிரி ராணுவத்துக்கென்றே செய்தவை ஒரு பக்கம். இன்னொரு பக்கம், 'மற்ற வாகனங்கள்'. நம்ம கதை இந்த ரெண்டாவது பக்கத்தில்தான். ஒரு வண்டி இதில் வரணும்னா நாலு நிபந்தனை இருக்கு. கவசம் ஒரு குறிப்பிட்ட தரத்துக்கு மேல் இருக்கணும். முன் சக்கரம், பின் சக்கரம் ரெண்டுக்கும் ஒரே நேரத்தில் இன்ஜின் சக்தி போகணும். சுமையோடு சேர்த்து அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 4,500 கிலோவைத் தாண்டணும். காடு மேடு ஓடுவதற்காக வடிவமைத்ததாகவோ மாற்றியதாகவோ இருக்கணும். நாலும் இருந்தால்தான் லைசென்ஸ். மூணு இருந்து ஒண்ணு இல்லைன்னா, இந்தப் பட்டியலைப் பொறுத்தவரை அது வெறும் வண்டி.

இதனால்தான் தார் ரோட்டில் மட்டும் ஓடுகிற சொகுசு கார் தப்பிக்குது. பணம் கொண்டு போகும் வேனுக்கு இன்னும் சுலபம். பணமோ விலைமதிப்புள்ள பொருளோ ஏற்றிச் செல்வதற்காகச் செய்த சிவிலியன் வாகனங்களுக்கு இந்த விதி பொருந்தாது என்று தனியாகக் குறிப்பே போட்டிருக்காங்க. பணத்தைக் காக்கும் கவசத்துக்கு விலக்கு, மனுஷனைக் காக்கும் கவசத்துக்கு விண்ணப்பம். கேட்க எரிச்சலாத்தான் இருக்கும்.

அந்த 'குறிப்பிட்ட தரம்' என்ன? அமெரிக்காவின் தேசிய நீதி நிறுவனம் 1985 செப்டம்பரில் வெளியிட்ட ஒரு தர அளவுகோல் இருக்கு. அதில் மூன்றாம் நிலை. ராணுவ ரைஃபிளில் இருந்து வரும் 7.62 மில்லிமீட்டர் குண்டு, விநாடிக்கு சுமார் 838 மீட்டர் வேகத்தில் வந்து அடித்தாலும் உள்ளே போகக் கூடாது. அதற்கு ஒரு படி கீழே உள்ள நிலை கைத்துப்பாக்கிக்கும் சப் மெஷின் கன்னுக்கும் தாங்கும், ரைஃபிளுக்குத் தாங்காது. கோட்டை அந்த இடத்தில் போட்டதுக்கு ஒரு நியாயம் இருக்கு. தெருவில் நடக்கிற கடத்தல், கொள்ளைக்குக் கைத்துப்பாக்கித் தடுப்பு போதும். ரைஃபிள் குண்டைத் தாங்கணும்னா நீ போகிற இடம் போர்க்களம். போர்க்களத்தில் ரைஃபிள் குண்டைத் தாங்குகிற, மண்ணிலும் மேட்டிலும் ஓடுகிற ஒரு வண்டி யார் கையில் இருக்கோ அவங்க வேற ஆள். இதுதான் விதியின் தர்க்கம்.

ஆனால் இந்த தர்க்கத்துக்கு வந்து சேர உலகம் ரொம்ப சுத்தி வந்தது. அந்தச் சுற்றில் ஒரு டிராக்டரும் உண்டு.

இரண்டு வரிசை உருளைக்கிழங்கு

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, தோற்றுப்போன ஜெர்மனியில், ஆல்பர்ட் ஃபிரீட்ரிக் என்கிற பொறியாளர் விவசாயிக்காக ஒரு வண்டி வடிவமைத்தார். வயலில் உழணும், காட்டில் மரம் இழுக்கணும், சந்தைக்கு மூட்டையும் கொண்டு போகணும். நாலு சக்கரமும் ஒரே அளவு, நாலுக்கும் இன்ஜின் சக்தி. இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் நடுவே 1,270 மில்லிமீட்டர் இடைவெளி. ஏன் அந்தக் கணக்கு? ரெண்டு வரிசை உருளைக்கிழங்குச் செடியை மிதிக்காம வண்டி போகணும், அதுக்குத்தான். வண்டிக்குப் பேர் யூனிமாக். 1951-இல் இருந்து மெர்சிடிஸ் நிறுவனம் காகனாவ் என்ற ஊரில் அதைத் தயாரித்தது. பின்னாடி தீயணைப்பு, பனி அகற்றுவது, மின்கம்பம் நடுவது, ராணுவ லாரி என எல்லாத்துக்கும் அது போச்சு.

இப்போ தென்னாப்பிரிக்கா. 1960 மார்ச் 21 அன்று ஷார்ப்வில்லில் போலீஸ் சுட்டதில் 69 பேர் இறந்தார்கள். அன்று அங்கே சராசென் கவச வண்டிகள் நின்றன. அவை இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரத்தில் அல்விஸ் கம்பெனி செய்தவை. 1963-இல் ஐ.நா. பாதுகாப்பு சபை தென்னாப்பிரிக்காவுக்கு ஆயுதம் விற்காதீர்கள் என்று நாடுகளைக் கேட்டுக்கொண்டது. வெறும் வேண்டுகோள்தான். அதைக் கட்டாயம் ஆக்க இன்னும் 14 வருஷம் ஆச்சு. 1977 நவம்பர் 4, தீர்மானம் எண் 418. ஆயுதம், வெடிமருந்து, ராணுவ வாகனம், துணை ராணுவ போலீஸ் உபகரணம், இவற்றின் உதிரி பாகங்கள், எல்லாத்துக்கும் தடை.

'ராணுவ வாகனம்' என்ற ரெண்டு வார்த்தையைக் கவனிங்க. நமீபியா, அங்கோலா எல்லையில் தென்னாப்பிரிக்க ராணுவத்துக்குப் பெரிய தலைவலி கண்ணிவெடி. சராசென் மாதிரி வண்டி அவங்களுக்கு அங்கே உதவவில்லை. அடிப்பாகம் ஆங்கில 'வி' எழுத்து மாதிரி சரிவாக இருந்தால், கீழே வெடிக்கிற வெடியின் வேகம் ரெண்டு பக்கமும் சிதறிப் போகும் என்பதைக் கண்டுபிடித்திருந்தார்கள். அந்த 'வி' வடிவக் கூட்டை எதன் மேல் உட்கார வைப்பது? யூனிமாக் சேஸி மேல். 1978 வாக்கில் படையில் சேர்ந்த அந்த வண்டிதான் பஃபல். ஓட்டுநருக்கு முன்னாடி தனிக் கூண்டு. பின்னாடி திறந்த கூண்டில் பத்து சிப்பாய்கள் முதுகோடு முதுகு வைத்து, வெளியே பார்த்து உட்காருவார்கள், பெல்ட் போட்டுக்கொண்டு.

கண்ணிவெடியில் இருந்து சிப்பாயைக் காப்பாத்தத்தான் அந்த வண்டி வந்தது. வேலையையும் செய்தது. ஆனால் 1980-களின் நடுவில் கறுப்பின மக்களின் டவுன்ஷிப்களுக்குள் ராணுவத்தை இறக்கியபோது, அதே வண்டிகள் அந்தத் தெருக்களில் சுற்றின. அங்கே அவற்றுக்கு எதிரே இருந்தது கல்லும் பள்ளிப் பிள்ளைகளும்.

சரி, ஆயுதத் தடை இதை எங்கே பிடிக்கணும்? கவசம் போட்டது தென்னாப்பிரிக்காவில். அடியில் இருக்கிற சேஸி, கவசமோ துப்பாக்கியோ இல்லாத ஒரு லாரி. உருளைக்கிழங்கு வரிசையைத் தாண்டிப் போகச் செய்த வண்டியின் வாரிசு. அதைக் கப்பலில் ஏத்தும்போது அது 'ராணுவ வாகனமா'? இந்தக் கேள்வியில்தான் தடையின் ஓட்டை இருந்தது.

ஓட்டையை அடைக்க பாதுகாப்பு சபை 1986 நவம்பர் 28 அன்று தீர்மானம் 591-ஐக் கொண்டு வந்தது. என்னைக் கேட்டால் இந்த வரலாறு முழுவதிலும் புத்திசாலித்தனமான வாசகம் இதில்தான் இருக்கு. ராணுவத்துக்கோ போலீஸுக்கோ போகிறது என்று நம்பக் காரணம் இருந்தால், ராணுவத்துக்குப் பயன்படக்கூடிய சில பொருட்களை அனுப்பாதீர்கள் என்று அது கேட்டது. எந்தப் பொருட்கள்? விமானம், விமான இன்ஜின், விமான உதிரி பாகம், மின்னணு தொலைத்தொடர்புக் கருவி, கம்ப்யூட்டர். அப்புறம், ஃபோர் வீல் டிரைவ் வாகனம். கவசம் இருக்கா, எத்தனை கிலோ என்று அந்த வாசகம் கேட்கவே இல்லை. வண்டி யாருக்குப் போகுது என்றுதான் கேட்டது.

'பவல்'

இந்த இடத்தில் நமக்கு நெருக்கமான ஒரு கிளைக்கதை. 1984 டிசம்பரில் பாதுகாப்பு சபை இன்னொரு தீர்மானமும் போட்டிருந்தது, எண் 558. தென்னாப்பிரிக்காவுக்கு ஆயுதம் விற்காதே என்பது பழசு. தென்னாப்பிரிக்காவிடம் இருந்து ஆயுதம் வாங்காதே என்பது புதுசு. தடை போட்டதால் அந்த நாடு தானே ஆயுதம் செய்யக் கத்துக்கிட்டு, அதை விற்கவும் ஆரம்பித்துவிட்டது. அதற்கான பதில் இது. ஆனால் இதுவும் வேண்டுகோள்தான், கட்டாயம் இல்லை.

1980-களில் தென்னாப்பிரிக்காவின் பஃபல் இலங்கை ராணுவத்திடம் வந்து சேர்ந்தது. காரணம் அதேதான், கண்ணிவெடி. பிறகு அதைப் பார்த்து இலங்கை ராணுவத்தின் பொறியாளர் படையே யூனிகார்ன், யூனிபஃபல் என்று சொந்தமாக வண்டி கட்டத் தொடங்கியது. பேரில் பாருங்க, 'யூனி' ஒட்டிக்கொண்டே வருது. வடக்கு கிழக்கில் அந்தக் காலத்தில் வளர்ந்தவங்ககிட்ட 'பவல்' என்று சொல்லிப் பாருங்க. விளக்கம் சொல்லத் தேவைப்படாது. சந்தியில் அந்த உயரமான பெட்டி வண்டி திரும்புகிற சத்தம் என்றால் என்ன அர்த்தம் என்று அவங்களுக்குத் தெரியும்.

ஜெர்மன் வயலுக்காக வரைந்த வடிவம், ஆப்பிரிக்காவில் கவசம் போட்டு, யாழ்ப்பாணத் தெருவுக்கு வந்து சேர்ந்தது. வழியில் ஐ.நா.வின் ரெண்டு தீர்மானங்களைத் தாண்டி வந்தது.

முடியாத அவசரநிலை

இனி பிரிட்டன். ஆயுத ஏற்றுமதியில் பெரிய கை, விதிகளை எழுதுவதிலும் பெரிய கை. ஆனா அவங்க லைசென்ஸ் முறையின் சட்ட அடிப்படை என்ன தெரியுமா? 1939 செப்டம்பர் 1 அன்று, ஹிட்லர் போலந்துக்குள் நுழைந்த அன்றைக்கே, அவசரமாக நிறைவேற்றிய ஒரு போர்க்காலச் சட்டம். இந்த அவசரநிலை முடிந்ததும் சட்டமும் காலாவதி ஆகும் என்று அதிலேயே எழுதியிருந்தது. போர் 1945-இல் முடிந்தது. அவசரநிலை 'முடிந்தது' என்று யாரும் அறிவிக்கவில்லை. அரசாங்கத்துக்கு அது வசதியாக இருந்தது, ஏன்னா எதற்கு லைசென்ஸ் வேணும் என்பதை நாடாளுமன்றத்தில் பெரிசா விவாதிக்காமலே உத்தரவு போட்டு மாத்திக்கலாம். 1990-இல் ஒரு திருத்தம் கொண்டு வந்து அந்தக் காலாவதிப் பிரிவையே எடுத்துவிட்டார்கள்.

இந்த முறை எவ்வளவு ஓட்டை என்பது இராக்குக்கு இயந்திரங்கள் விற்ற மேட்ரிக்ஸ் சர்ச்சில் வழக்கில் வெடித்தது. அந்த வழக்கு 1992 நவம்பரில் நீதிமன்றத்தில் நொறுங்கிப் போக, நீதிபதி ஸ்காட் விசாரணை நடத்தி 1996 பிப்ரவரியில் 1,800 பக்கத்துக்கும் மேல் அறிக்கை கொடுத்தார். அது ஒரு தனி எபிசோடுக்கான விஷயம், இங்கே நுழைஞ்சா வெளியே வர முடியாது. நமக்குத் தேவையானது இது மட்டும்தான்: அந்த அறிக்கைக்குப் பிறகுதான் 1939 சட்டத்தைத் தூக்கிப் போட்டு, 2002-இல் புதிய ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் எழுதினார்கள். 2004 மே மாதம் அது நடைமுறைக்கு வந்தது.

சரியாக ஒரு வருஷம். 2005 மே 13, உஸ்பெகிஸ்தானின் அந்திஜான் நகரம். ஆயுதம் ஏந்திய சிலர் சிறையை உடைத்ததில் தொடங்கி, பாபர் சதுக்கத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் கூடினார்கள். பெரும்பாலோர் சாதாரண ஜனங்கள். படைகள் சுட்டன. அரசாங்கக் கணக்கே 187 பேர். பல நூறு பேர் என்று மனித உரிமை அமைப்புகள் சொல்கின்றன. உஸ்பெக் படையினரின் படங்கள் வெளியே வந்தபோது, பிரிட்டனில் சிலர் அந்த வண்டிகளைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அது லேண்ட் ரோவர்.

அந்த வண்டிகள் பிரிட்டனில் இருந்து நேரா போனதில்லை. துருக்கியில் ஓட்டோகார் என்ற கம்பெனி 1987-இல் இருந்தே லேண்ட் ரோவரின் உரிமம் வாங்கி வண்டி தயாரித்து வந்தது. பாகங்கள் பிரிட்டனில் இருந்து பெட்டி பெட்டியாகப் போச்சு. அங்கே பூட்டினாங்க. ராணுவ மாடலும் இருந்தது, கவச மாடலும் இருந்தது. பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு கேள்வி கேட்டபோது அரசாங்கத்தின் பதில் சுருக்கம்: போனது சிவிலியன் டிஃபெண்டர் வண்டியின் பாகங்கள், அவை கட்டுப்பாட்டுப் பட்டியலில் இல்லை, ஆகவே லைசென்ஸ் தேவைப்படவில்லை.

எரிச்சலூட்டுவது என்னன்னா, அந்தப் பதில் சட்டப்படி சரி. பட்டியல் கேட்பது 'இந்தப் பொருள் என்ன?' என்று. பெட்டிக்குள் இருந்தது ஆக்சில், கியர் பாக்ஸ், கதவு. பட்டியலில் இல்லாத பொருளையும் பிடிக்கிற ஒரு விதி ஐரோப்பாவில் 2000-இல் இருந்தே இருந்தது. ஆயுதத் தடை உள்ள நாட்டில் ராணுவப் பயன்பாட்டுக்குப் போகலாம் என்று அரசாங்கம் தெரிவித்தால், பட்டியலில் இல்லாததுக்கும் லைசென்ஸ் கேட்கலாம். 591-வது தீர்மானத்தின் பேரப்பிள்ளை மாதிரி ஒரு விதி. ஆனால் துருக்கி மேல் தடை இல்லை. உஸ்பெகிஸ்தான் மேலும் அன்றைக்குத் தடை இல்லை. தடை வருவதற்கு முன்னாடி ஆட்கள் சாகணும். இந்த விதியின் கொடூரமான வரிசை அது.

தடை வந்தது. 2005 நவம்பர் 14. ஐரோப்பிய ஒன்றியம் உஸ்பெகிஸ்தானுக்கு ஆயுதம் விற்கக் கூடாது என்று முடிவு செய்தது. அந்த ஆவணத்திலேயே ஒரு விலக்கும் இருக்கு. ஒன்றியத்தின், அதன் உறுப்பு நாடுகளின் ஊழியர்களைப் பாதுகாக்க மட்டும் என்றால், கவசம் பொருத்திய, போருக்கு அல்லாத வாகனங்களைக் கொண்டு போகலாம். ஐரோப்பியத் தடை ஆவணங்களில் வழக்கமா வருகிற பத்திதான் அது. தூதரக அதிகாரிக்குப் பாதுகாப்பு வேண்டாமா? வேணும், சந்தேகமே இல்லை. பாபர் சதுக்கத்தில் நின்றவங்களுக்காக எந்தப் பத்தியும் எழுதிவைக்க முடியாது என்பதுதான் உறுத்துது. 2009 அக்டோபரில் அந்தத் தடையையும் நீக்கிவிட்டார்கள்.

கம்பெனி எந்த ஊர்?

அடுத்த ஓட்டை பொருளில் இல்லை, முகவரியில்.

2003-க்குப் பிறகு இராக், ஆப்கானிஸ்தான் போர்களால் கவச எஸ்.யு.வி. ஒரு பெரிய தொழில் ஆச்சு. ஒப்பந்தக்காரர்கள், தூதரகங்கள், எண்ணெய்க் கம்பெனிகள், எல்லாருக்கும் வேணும். அடிப்படை வண்டி பெரும்பாலும் டொயோட்டா லேண்ட் க்ரூஸர். உள்ளே இருப்பதை எல்லாம் பிரித்து, தகடும் கண்ணாடியும் வைத்து, டன் கணக்கில் ஏறிய எடைக்கு ஏத்த மாதிரி சஸ்பென்ஷனை மாத்தி, திரும்பப் பூட்டணும். இந்தப் பட்டறைகள் ஐக்கிய அரபு அமீரகத்தில் நிறைய முளைத்தன. துறைமுகம் பக்கம், வாடிக்கையாளரும் பக்கம்.

கனடாவில் தொடங்கி அமீரகத்தின் ராஸ் அல் கைமாவில் பெரிய தொழிற்சாலை வைத்திருக்கும் ஸ்ட்ரெய்ட் குழுமத்தை எடுத்துக்குவோம். 2015-இல் அமெரிக்க வணிகத் துறை, லைசென்ஸ் இல்லாமல் கவச வண்டிகளை ஏற்றுமதியும் மறு ஏற்றுமதியும் செய்ததாகக் குற்றம் சாட்டிய வழக்கில், அந்தக் குழுமம் 35 லட்சம் டாலர் அபராதத்துக்கு உடன்பட்டு சமரசம் செய்துகொண்டது. 'மறு ஏற்றுமதி' என்ற சொல்தான் அமெரிக்கச் சட்டத்தின் பல். கட்டுப்பாட்டில் உள்ள ஒரு பொருள் அமெரிக்காவில் இருந்து துபாய்க்குப் போய், துபாயில் இருந்து வேறு நாட்டுக்குப் போனாலும், ரெண்டாவது பயணத்துக்கும் வாஷிங்டனில் அனுமதி வாங்கணும். சட்டம் வண்டிக்குப் பின்னாடியே போகும்.

கனடாவின் சட்டம் அப்படி இல்லை. அது கனடாவின் எல்லையைத் தாண்டும் பொருளைத்தான் பார்க்கும். அமீரகத் தொழிற்சாலையில் இருந்து புறப்படுகிற வண்டி அதன் கண்ணில் படாது, கம்பெனியின் வேர் கனடாவில் இருந்தாலும். அந்தக் குழுமத்தின் கவச வண்டிகள் 2012-இல் லிபியாவுக்கும், பிறகு உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த தெற்கு சூடானுக்கும் போனது ஐ.நா. நிபுணர் குழுக்களின் அறிக்கைகளில் வந்தது. லிபியா மேல் அப்போது ஐ.நா. தடை இருந்தது. தெற்கு சூடான் மேல் ஐ.நா. தடை வந்தது 2018 ஜூலையில்தான். பழைய வரிசைதான், முதலில் சாவு, அப்புறம் தடை.

2016-இல் இது கனடாவில் பெரிய விவாதமாகி, அரசாங்கம் ஆயுத வணிக ஒப்பந்தத்தில் சேரச் சட்டத்தை மாத்தியது. 2019 செப்டம்பரில் இருந்து, கனடாக்காரர் வெளிநாட்டில் உட்கார்ந்து ரெண்டு வேற நாடுகளுக்கு நடுவே ஆயுத வியாபாரம் முடித்துக் கொடுத்தாலும் அனுமதி வேணும். தரகு வேலைக்கான கட்டுப்பாடு. இது இப்போதைக்கு நல்ல முன்னேற்றம்னுதான் நினைக்கிறேன், ஏன்னா இந்தத் தொழிலில் வண்டியை விட ஃபைல்தான் அதிகம் பயணம் போகும்.

ஜாக்கெட் போகலாம், ஜீப் நிக்கணும்

இவ்வளவும் கேட்டுட்டு, 'அப்போ எல்லாத்தையும் தடை பண்ணிட வேண்டியதுதானே' என்று தோணலாம். எனக்கும் பாதி வழி வரைக்கும் அப்படித் தோணும். ஆனால் 2003 ஆகஸ்ட் 19 அன்று பாக்தாத் கனால் ஹோட்டலில் இருந்த ஐ.நா. அலுவலகம் மேல் வெடிகுண்டு லாரி மோதி, செர்ஜியோ வியேரா டி மெல்லோ உட்பட 22 பேர் இறந்த பிறகு, போர் நடக்கும் ஊரில் உதவி வேலை செய்கிறவர்களுக்குக் கவச வண்டி ஆடம்பரம் இல்லை என்று ஆயிடுச்சு. கவசம் இல்லைன்னா ஊழியர் வெளியே போக மாட்டார். அவர் போகலைன்னா மருந்தும் போகாது.

2011 பிப்ரவரி 26 அன்று லிபியா மேல் ஐ.நா. போட்ட தடை, தீர்மானம் 1970, இந்தச் சிக்கலை எப்படிக் கையாண்டது என்று பாருங்க. ஐ.நா. ஊழியர், பத்திரிகையாளர், தொண்டு ஊழியர் தங்கள் சொந்தப் பயன்பாட்டுக்காகத் தற்காலிகமாகக் கொண்டு போகும் குண்டு துளைக்காத ஜாக்கெட்டுக்கும் ஹெல்மெட்டுக்கும் விலக்கு. ஆனால் மனிதாபிமானத்துக்கோ பாதுகாப்புக்கோ என்று போகும் மற்ற உயிர்க்கொல்லி அல்லாத ராணுவ உபகரணம் என்றால், தடைக் குழுவிடம் முன்கூட்டியே ஒப்புதல் வாங்க வேண்டியிருந்தது. கவச ஜீப் வந்தது இந்த ரெண்டாவது கட்டத்தில். நியாயம் இருக்கு: ஜாக்கெட்டை ஒருத்தர்தான் போட முடியும், ஜீப்பின் சாவியை யார் வேணும்னாலும் பிடுங்கலாம். ஆனால் போர் நடக்கும் ஊரில் வண்டிக்காகக் காத்திருப்பவருக்கு இந்த நியாயத்தைச் சொல்லிப் பாருங்க.

லைசென்ஸ் கொடுக்கிற அரசாங்கங்கள் கையில் இருக்கிற கருவி இறுதிப் பயனாளர் சான்றிதழ். 'இந்த வண்டியை இன்னாருக்காக, இந்த வேலைக்காக வாங்குகிறோம், உங்கள் அனுமதி இல்லாமல் கைமாற்ற மாட்டோம்' என்று வாங்குகிறவர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் காகிதம். கையெழுத்துப் போட்டவரின் கட்டுப்பாட்டில் அந்த ஊர் இருக்கும் வரைக்கும் காகிதத்துக்கு மதிப்பு உண்டு.

சிரியாவில் அதைப் பார்த்தோம். 2013 பிப்ரவரி 28 அன்று ஐரோப்பிய ஒன்றியம் தன் தடையைத் தளர்த்தி, எதிர்க்கட்சிக் கூட்டணிக்கும் பொதுமக்களுக்கும் பாதுகாப்புக்காக மட்டும் என்றால் கவசம் பொருத்திய, போருக்கு அல்லாத வாகனங்களை அனுப்பலாம் என்றது. மார்ச் 6 அன்று பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் வில்லியம் ஹேக், கவச ஃபோர் வீல் டிரைவ் வண்டிகள் அனுப்பப் போவதாக நாடாளுமன்றத்தில் அறிவித்தார். எதிர்க்கட்சித் தலைவர்கள் நாட்டுக்குள் பத்திரமாகப் போய் வர அது உதவும் என்பது வாதம். கவனிங்க, துப்பாக்கி அனுப்பலாமா என்று ஐரோப்பா சண்டை போட்டுக்கொண்டிருந்த நேரம் அது. நடுவில் ஒரு சமரசமாகத்தான் ஜீப் வந்தது. ஆயுதமும் இல்லை, ஆயுதம் இல்லாமலும் இல்லை.

அந்த டிசம்பரில், துருக்கி எல்லையோரம் பாப் அல் ஹவாவில் சுதந்திர சிரியப் படையின் கிடங்குகளை இஸ்லாமிய முன்னணி என்ற வேறொரு கூட்டணி கைப்பற்றியது. டிசம்பர் 11 அன்று அமெரிக்காவும் பிரிட்டனும் வட சிரியாவுக்கான உயிர்க்கொல்லி அல்லாத உதவிகளை நிறுத்தி வைத்தன. அறிவிப்புக்கும் நிறுத்தலுக்கும் நடுவே ஒன்பது மாசம்.

இன்றைக்கு இது போதும். ஸ்காட் விசாரணையைத் தனி எபிசோடா பண்றேன்னு சொன்னேன் இல்லையா, அடுத்தது அதுதான். இலங்கையில் அந்த வண்டிகளைப் பார்த்த நினைவு உங்க வீட்டில் யாருக்காவது இருந்தா, அவங்க சொல்றதை எங்களுக்கு எழுதி அனுப்புங்க.